கடிக்காதவை

கடிக்காது என்பதே அதன் பெயர்.
இன்னதைச் செய்யாது என்று சொல்லி
ஓர் உயிரை அறிமுகப்படுத்துவது
மரியாதையா என்று தெரியவில்லை.
கொசு மாதிரி இருக்கும், கொசு இல்லை.
இறக்கை முளைத்தபின் பெரும்பாலும் உண்பதுகூட இல்லை.
நாலைந்து நாள்,
ஆணுக்குத் தலையில் இரண்டு இறகு,
கரையோரம் கூட்டமாய் ஓர் ஆட்டம்,
அவ்வளவுதான்.

அருங்காட்சியகத்தின் கீழ்த்தளத்தில்
சாராயக் குப்பிகளுக்குள் மிதக்கும் சீட்டுகளை
ஒவ்வொன்றாய்ப் படித்துக் கணினியில் ஏற்றுகிறேன்.
ஏரி, தேதி, ஆழம், பிடித்தவர்.
ஒரு சீட்டுக்கு ஒரு புள்ளி
ஃபின்மார்க் வரைபடத்தில் விழும்.

மூவாயிரம் விழுந்தபின்
நாற்காலியைத் தள்ளிவைத்துப் பார்த்தேன்.
பூச்சி தெரியவில்லை.
சாலை தெரிந்தது.
ஆல்தாவில் தொடங்கி வளைந்து வளைந்து,
பெட்ரோல் பங்கருகே கொஞ்சம் தடித்து,
பாலத்தில் இரண்டாகப் பிரிந்து,
படகுத்துறையில் வந்து நின்றுவிடுகிறது.
வடக்கின் குளிர்நீர்ப் பூச்சிகள் அத்தனையும்
காரை நிறுத்திவிட்டு
ரப்பர் பூட்ஸோடு நடக்கிற தூரத்திலேயே
வாழ்கின்றனவாம்.
மிச்சமெல்லாம் வெள்ளை.
அங்கே எதுவும் இல்லையா,
அங்கே யாரும் குனியவில்லையா,
வெள்ளைக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஒன்றே ஒன்று தவிர.
சாலையை விட்டு நாற்பது கிலோமீட்டர் தள்ளி
பேனாவை உதறியதுபோல் ஒரு புள்ளி.
எண்ணை மாற்றி அடித்துவிட்டேன் போல என்று
குப்பியைத் தேடி எடுத்தேன்.
சரியாகத்தான் இருந்தது.
பெயரற்ற குளம். மே 29. ஓட்ஹில்ட் நெர்கோர்ட்.

தொலைபேசியில் ஓட்ஹில்ட் சிரித்தாள்.
"பெல்ட் அறுந்துபோச்சு."
போக நினைத்தது வேறொரு ஏரிக்கு.
வேலி பார்க்கப் போன யோவ்னாவின் பனிவண்டியில்
தொற்றிக்கொண்டு போயிருக்கிறாள்.
மாற்று பெல்ட் வந்துசேர ஒன்பது மணி நேரம்.
அவர் பனிக்கலைமான் தோலை விரித்து
முகத்தில் தொப்பியைப் போட்டுத் தூங்கிவிட்டார்.
சூரியன் இறங்குகிற பேச்சே இல்லை.

கரையோரம் உறைபனி விட்டுக்கொடுத்திருந்தது
ஒரு சாண் அகலத்துக்குத் தண்ணீர்.
அதையொட்டிய பனியில்
காபிப்பொடி சிந்தியிருந்தது.
அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே
காபிப்பொடி நடந்தது.

இரண்டு டிகிரிக் குளிரில், பறக்காமல்,
ஒன்றையொன்று தேடி நடந்துகொண்டிருந்தன.
தண்ணீர் விளிம்பில்
அவை கழற்றிப்போட்ட சட்டைகள்,
கண்ணாடித்தாளைவிட மெலிதாக,
காற்று ஒதுக்கிய மூலையில் குவிந்து கிடந்தன.
அந்தச் சட்டையின் மயிரை எண்ணித்தான்
இனத்தைச் சொல்லமுடியும்.
அடியில் சேற்றுக்குள்
இன்னும் முறை வராதவை
சிவப்பாய்ச் சுருண்டிருந்திருக்கும்.
அப்படிப்பட்ட குளங்களில் சிலதுக்கு
ஏழு வருஷம்கூட ஆகுமாம்,
குளிர்காலம் தோறும் சேற்றோடு சேர்ந்து உறைந்து,
இளகி, கொஞ்சம் தின்று, மறுபடி உறைந்து.
எல்லாம் அந்த நாலைந்து நாளுக்கு.

காபி வடிகட்டியால் அள்ளினாள்.
குப்பிகள் இருந்தன, சாராயம் இல்லை.
யோவ்னாவின் பையில் பிராந்தி இருந்தது.
எழுப்பிக் கேட்கவில்லை.

அந்த அரைப் பாட்டிலில் பதினோரு இனம்.
அவற்றில் இரண்டு
என் மூவாயிரத்தில் வேறெங்கும் இல்லை.
இல்லை என்று சொல்லக்கூடாது.
வேறெங்கும் பெல்ட் அறவில்லை.

யோவ்னாவையும் கூப்பிட்டேன்.
அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது.
"பெயரற்றதா? யார் சொன்னது?"
ஒரு பெயரைச் சொன்னார், நீளமாக,
இரண்டு தடவை, எழுத்துக்கூட்டி.
காளைமான் நின்று திரும்பிப் பார்த்த குளம்
என்று பொருளாம்.
எந்தக் காளைமான், எதைப் பார்த்தது,
அதை அவர் சொல்லவில்லை.
பூச்சிகளைப் பற்றி எதுவும் கேட்கவுமில்லை.
"அந்த பிராந்திக்கு
இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை" என்றார்.

இடப்பெயர் கட்டத்தில் பழையதை அழித்து
அவர் சொன்னதை அடித்தேன்.
கட்டம் போதவில்லை, கடைசி இரண்டெழுத்து
வெளியே நிற்கிறது.
குறிப்பு என்ற கட்டத்தில்:
பிராந்தி, அரைப் பாட்டில், கடன்.

அடுத்த சீட்டு.
பாலத்தின் கீழ், இடதுகரை,
சாலையிலிருந்து ஆறு மீட்டர்.